வென்றவர்க்கு எந்தச் சொல்?

சொல்லை அடிப்பது தமிழாசிரியர்க்குக் கைவந்த கலை. இருபது ஆண்டுகளாகச் சிவப்பு மையும் கையுமாக இருந்துவரும் நான், சென்ற ஆண்டு அடித்த ஒரு சொல் என்னையே திருப்பி அடித்துவிட்டது. அதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

நம் துறையில் பயின்று, பணியின் பொருட்டுச் சென்னையில் வாழும் பழைய மாணவி ஒருவர், மாலை வகுப்பொன்றில் சேர்ந்து ஸ்பானிய மொழி கற்றார். மெக்சிகோ நாட்டு வரலாறு குறித்துத் தாம் எழுதிய கட்டுரையொன்றை என் பார்வைக்கு அனுப்பியிருந்தார். மிகெல் லெயோன்-போர்த்தில்யா என்னும் மெக்சிகோ அறிஞர் 1959ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றின் பெயரை அதில் 'வெல்லப்பட்டோரின் பார்வை' என்று தமிழாக்கியிருந்தார். ஸ்பானியர் படையெடுத்து வந்ததை அம்மண்ணின் மக்கள் தம் நாவாட்டில் மொழியிலேயே எழுதிவைத்த குறிப்புகளின் தொகுப்பு அந்நூல்.

'படு' என்னும் துணைவினையைக் கண்டால் என் கை தானாகவே சிவப்பு மையை நாடும். செயப்பாட்டு வினையை மிகுதியாக ஆளுதல் ஆங்கிலத்தின் தொற்று என்று வகுப்புதோறும் சொல்லி வருபவன் நான். ஆகவே 'வெல்லப்பட்டோர்' என்பதை அடித்துவிட்டுத் 'தோற்றவர்கள்' என்று எழுதினேன். இதுவே தமிழ் இயல்பு என்று ஓரத்தில் ஒரு குறிப்பும் வைத்தேன்.

பத்து நாள் கழித்து மறுமொழி வந்தது. "ஐயா, தோற்றவர்கள் என்றால் அவர்கள் தாமாகவே தோற்றுப்போனதுபோல் ஆகிவிடாதா? மூலத்தில் வென்சிதோஸ் என்று இருக்கிறது. அச்சொல்லுக்குப் பின்னால் வென்றவன் ஒருவன் நிற்கிறான். தாங்கள் அவனை அல்லவா அடித்துவிட்டீர்கள்!"

மாணவர் ஆசிரியரை மடக்குவது ஆசிரியருக்கு இழிவன்று. ஆயினும் உறக்கம் வரவில்லை. ஸ்பானிய அகராதி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அம்மொழி கற்ற நண்பர் ஒருவரையும் துணைக்கு அழைத்துக்கொண்டேன். வெற்றி பெற்றவரைக் குறிக்க அம்மொழியில் எத்தனை சொற்கள் உண்டு, எதை எங்கே ஆளுவர் என்று பார்க்கத் தொடங்கினேன். விடுமுறை முழுவதும் அதிலேயே கழிந்தது.

முதற்சொல் 'கனதோர்'. போட்டியில் வென்றவர், பரிசு பெற்றவர், தேர்தலில் வென்றவர் ஆகிய அனைவருக்கும் இது பொருந்தும். நம் கல்லூரி மீலாது விழாக் கட்டுரைப் போட்டியில் முதற்பரிசு பெற்ற மாணவரை ஸ்பானியர் கனதோர் என்பர், மாணவியாயின் கனதோரா. இதன் வினைமூலம் 'கனார்'. அதற்கு வெல்லுதல் என்று மட்டுமன்றி ஈட்டுதல் என்றும் பொருள் உண்டு. கூலியாள் நாள்முழுதும் உழைத்துக் கூலி பெறுவதும் கனார்தான். பிழைப்பு நடத்துவதும் கனார்தான். அவ்வினையிலிருந்தே 'கனாதோ' என்னும் பெயர் பிறந்தது. அதற்குப் பொருள் கால்நடை. ஈட்டப்பட்டது எதுவோ அதுவே மாடு! பழந்தமிழிலும் 'மாடு' என்பதற்குச் செல்வம் என்ற பொருள் உண்டென்பதைக் குறள் படித்தோர் அறிவர். இரு மொழிகளுக்கும் யாதோர் உறவுமில்லை. ஆநிரையைச் செல்வமாகக் கண்ட மாந்தர் எங்கும் இருந்தனர் என்பதே செய்தி.

இரண்டாவது சொல் 'வென்செதோர்'. இதன் வினை 'வென்செர்'. இதைக் கேட்டவுடன் நம்மவர் சிலர்க்குக் கண்கள் ஒளிரும். வெல், வென்றான், வென்செர்! தமிழே உலக மொழிகளின் தாய் என்று மேடையேறிவிட இதுவொன்று போதும். பொறுத்தருள்க. இச்சொல் 'வின்செரே' என்னும் இலத்தீன் வினையின் வழி வந்தது. போதாக்குறைக்கு, எழுத்தில் நாம் வகரமாகக் காண்பதை ஸ்பானியர் வாயில் பகரம்போலவே ஒலிப்பர். ஒலி ஒத்துவந்தது தற்செயல். அதை வைத்து உறவு கொண்டாடுதல் மொழிநூலாகாது.

வென்செர் என்னும் வினை எதிரில் ஒருவரை வேண்டி நிற்கும். படையை, பகைவனை, அச்சத்தை, நோயை வென்செர் செய்யலாம். எதிரே ஒன்றுமில்லாத இடத்தில் அவ்வினைக்கு வேலையில்லை. ஆகவே வென்செதோர் என்றவுடன் 'வென்சிதோ', அதாவது அவரால் வெல்லப்பட்டவர், நம் கண்முன் வந்து நிற்கிறார். கனதோருக்கும் ஓர் எதிர்ச்சொல் உண்டு: 'பெர்தெதோர்', இழந்தவர். கட்டுரைப் போட்டியில் பரிசு தவறிய மாணவர் பெர்தெதோர் ஆகலாம்; வென்சிதோ ஆகார். அவரை யாரும் வீழ்த்தவில்லை. இழந்தவர் வேறு, வீழ்த்தப்பட்டவர் வேறு. என் சிவப்பு மை இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

எனவே நான் ஒரு முடிவுக்கு வந்தேன். வென்றவர்க்குச் சொல் தேடுகையில் வென்றவரைப் பார்த்துப் பயனில்லை. அவருக்கு எதிரே நிற்பவர் யார், எந்நிலையில் நிற்கிறார் என்று பார்த்தாலன்றிச் சரியான சொல் கிடைக்காது. ஆங்கிலத்திலும் இத்தகைய சொற்கள் பல உண்டெனினும், அன்றாட வழக்கில் 'வின்னர்' ஒன்றே அனைத்தையும் விழுங்கிவிட்டது. அதைப் பார்த்துத் தமிழில் நாம் 'வெற்றியாளர்' என்னும் ஒரே அச்சில் எல்லாரையும் வார்த்துவிட்டோம். போர் வென்றவரும் வெற்றியாளர். குலுக்கலில் மிதிவண்டி பெற்றவரும் வெற்றியாளர்!

குலுக்கல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஸ்பெயின் நாட்டில் ஆண்டுதோறும் டிசம்பர் 22ஆம் நாள் நடைபெறும் பரிசுச்சீட்டுக் குலுக்கல் பெரும்புகழ் பெற்றது. 1812இல் காதிஸ் நகரில் தொடங்கியது. எண்களைப் பள்ளிச் சிறார் பாடி அறிவிப்பர். பரிசுச்சீட்டு நமக்கு ஆகாதது. தமிழ்நாட்டிலோ 2003ஆம் ஆண்டிலேயே தடைசெய்யப்பட்டது. நாம் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். அங்கே பரிசு விழுந்தவரைக் கனதோர் என்பதும் உண்டெனினும், செய்தித்தாள்கள் பெரிதும் 'அக்ராசியாதோ' என்றே எழுதும். அருளப்பெற்றவர் என்பது அதன் பொருள். உழைத்து ஈட்டாததை, ஒருவரை வீழ்த்திப் பெறாததை, வெற்றி என்று சொல்ல அம்மொழி சற்றே கூசுகிறது. சூதாட்டத்தைக் கடியும் நமக்கு இக்கூச்சம் பிடித்தமானதே.

விளையாட்டில் 'கம்பெயோன்' என்பர். ஓர் ஆட்டத்தில் வென்ற அணி கனதோர். வென்செதோர் என்பதும் உண்டு. ஆனால் கம்பெயோன் என்பது தொடர் முழுமைக்கும் உரிய பட்டம். 2010ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்துத் தொடரில் ஸ்பெயின் அணி தன் முதல் ஆட்டத்திலேயே சுவிட்சர்லாந்திடம் தோற்றது. அதே அணி ஜூலை 11 அன்று நெதர்லாந்தை வென்று கோப்பையை ஏந்தியது. கம்பெயோன் ஆவதற்குத் தோல்வியே காணாதவராக இருக்க வேண்டியதில்லை. தேர்வில் ஒரு தாள் தவறியவர் இதை மனத்தில் கொள்க. தோல்வியே காணாதவருக்கு 'இன்விக்தோ' என்று தனிச்சொல் உண்டு. வாழ்க்கையில் உயர்ந்தவரைத் 'திரியுன்பதோர்' என்பர். அதன் அடியாகிய 'திரியுன்போ' சீட்டாட்டத்தில் துருப்புக்கும் பெயர். இவற்றை விரிப்பின் பெருகும்.

சலமான்காவுக்கு வருவோம். 1218ஆம் ஆண்டு தோன்றிய அந்தப் பழம்பெரும் பல்கலைக்கழகத்தின் கற்சுவர்களில் செந்நிறத்தில் ஒரு குறி பல இடங்களில் தீட்டப்பட்டிருக்கிறது. வெற்றியாளன் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிய குறி அது. அதனை 'வீத்தோர்' என்பர். முனைவர் பட்டம் பெற்றவர் தம் பெயரோடு அக்குறியைச் சுவரில் தீட்டச்செய்வது அங்கே நெடுநாள் மரபு. அந்நாளில் அதன் மையில் காளையின் குருதியைக் கலந்தனர் என்றும் சொல்வர். எண்ணிப் பாருங்கள்: அந்த முனைவர் யாரை வீழ்த்தினார்? ஒருவரையும் இல்லை. ஆயினும் வெற்றியாளர். தொல்காப்பியரும் வாகைத் திணையைப் போர்க்களத்தோடு நிறுத்திவிடாமல், அவரவர் தத்தம் துறையில் மேம்படுவதையும் வாகை என்றே கொண்டதைத் தமிழ் மாணவர் அறிவர். எதிரில் வீழ்ந்தவர் எவருமின்றி நிற்கும் வெற்றி அது.

அந்தக் குறிக்கு நேர்ந்த கதியைக் கேளுங்கள். 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1939இல் பிராங்கோவின் படை வென்றது. மே 19 அன்று மத்ரித் நகரில் நடந்த வெற்றி அணிவகுப்பில், புலவர் சுவரிலிருந்த அதே வீத்தோர் குறியை எடுத்துத் தம் சின்னமாக நாட்டினர். கற்றவர்க்குரிய குறி, சொந்த நாட்டு மக்களைக் கொன்று வென்றவர்க்குரியதாயிற்று. அதன்பின் பல்லாண்டுக் காலம் அந்நாட்டு மக்களைப் பற்றி எழுதுவோர்க்கு 'வென்செதோரும் வென்சிதோவும்' என்று இரு கூறாகப் பகுக்க வேண்டிய நிலை இருந்தது. இரண்டுமே ஒரு தாய் மக்கள். ஒரு வீட்டிலேயே இரண்டும் இருந்தன.

அதற்கு முன்பே அச்சொல்லை ஒருவர் உடைத்துக் காட்டினார் என்பர். 1936 அக்டோபர் 12 அன்று சலமான்காவில், படைத்தலைவர் கூடிய அவையில், பல்கலைக்கழகத் தலைவர் மிகெல் தெ உனமுனோ எழுந்தார். 'வென்செர்' உங்களால் ஆகும், 'கொன்வென்செர்' ஆகாது என்னும் கருத்துப்படப் பேசினார் என்பது வழிவழிச் செய்தி. கொன்வென்செர் என்பது ஒருவர் உள்ளத்தை ஏற்கச் செய்தல். ஒரு முன்னொட்டுத்தான் இடையே. அதைத் தாண்டப் படைக்கு வலிமையில்லை. அவர் அச்சொற்களையே சொன்னாரா என்று பின்வந்த ஆய்வாளர் ஐயுறுகின்றனர். தொடக்கத்தில் அந்தக் கிளர்ச்சியை ஆதரித்தவர்தாம் அவர் என்பதையும் மறைத்தல் தகாது. அந்த அவையில் அவர் வாய்திறந்ததும், பின்னர்ப் பதவி பறிக்கப்பட்டதும், அவ்வாண்டின் இறுதி நாளிலேயே இறந்ததும் ஐயமற்றவை.

இனி, பெரியோர்கள் எதிர்பார்த்திருக்கும் கிரனடாவுக்குச் செல்வோம். அல்ஹம்ரா அரண்மனையின் சுவர்களில் மீண்டும் மீண்டும் பொறிக்கப்பட்டுள்ள வாசகம் நம்மில் பலரும் படங்களில் கண்டதே: 'வலா காலிப இல்லல்லாஹ்'. அல்லாஹ்வையன்றி வென்றவர் இல்லை. இதனை ஸ்பானியத்தில் பெயர்க்கும் அறிஞர் 'வென்செதோர்' என்ற சொல்லையே ஆள்கின்றனர். கனதோர் என்று போட்டால் இலக்கணம் கெடாது, பொருள் கெட்டுவிடும். ஏதோ பந்தயத்தில் பரிசு பெற்றவன்போல் ஆகிவிடும். 'காலிப்' என்பது மேலோங்கி அடக்குபவன் என்னும் பொருளது. அதற்கு ஈடு வென்செதோரே.

இவ்வாசகம் தோன்றியதற்கு ஒரு கதை சொல்வர். நஸ்ரிய மரபை நிறுவிய முகம்மது இப்னுல் அஹ்மர் 1238இல் கிரனடாவைத் தலைநகராக்கினார். 1246இல் காஸ்தீல் மன்னன் மூன்றாம் பெர்னாந்தோவுடன் உடன்பாடு செய்து அவனுக்குத் திறை செலுத்தும் சிற்றரசரானார். அவ்வுடன்பாட்டின்படி, 1248இல் பெர்னாந்தோ முஸ்லிம்களின் செவில் நகரை முற்றுகையிட்டுப் பிடித்தபோது தம் குதிரைப்படையோடு அவனுக்குத் துணைநின்றார். ஊர் திரும்பியவரை மக்கள் 'காலிப்! காலிப்!' என்று வாழ்த்தினராம். அவர் தலைகுனிந்து மேற்கண்ட வாசகத்தை மறுமொழியாகச் சொன்னாராம்.

கதை மெய்யோ புனைவோ, அதன் உள்ளுறை நெஞ்சைச் சுடுகிறது. மேடைகளில் நாம் இதை அரசரின் பணிவுக்கு எடுத்துக்காட்டாக மட்டுமே பேசுகிறோம். வீழ்ந்த நகரம் யாருடையது என்று கேட்பதில்லை. செவில் நகரத்து முஸ்லிம்கள் தம் வீடுகளைத் துறந்து வெளியேறினர். அந்த வென்சிதோக்களை எண்ணியபின் அவரால் 'காலிப்' என்னும் பட்டத்தை ஏற்க முடிந்திருக்குமா? பணிவோடு நாணமும் அவ்விடையில் கலந்திருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. இப்படிச் சொல்வது சிலர்க்குக் கசக்கலாம். கதையை முழுதும் சொல்லாமல் பாதியில் நிறுத்திப் பெருமைப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இன்னொரு வியப்பு. ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின், அதே செவில் நகரில், பேத்ரோ என்னும் கிறித்தவ மன்னன் தன் அரண்மனையைக் கட்டினான். 1364ஆம் ஆண்டைச் சேர்ந்த அதன் முகப்பில் அதே அரபு வாசகம் நீல ஓடுகளில் பதிக்கப்பட்டிருக்கிறது. 1492 ஜனவரி 2இல் கிரனடாவும் வீழ்ந்தது. அல்ஹம்ராவை எழுதியவர்கள் வெளியேறினர். சுவரிலிருந்த எழுத்து வெளியேறவில்லை. வென்று உள்ளே வந்தவர்கள் தம்மை வென்றவரல்லர் என்று சொல்லும் சுவர்களுக்கு நடுவே குடியிருந்தனர்.

அரபியில் இன்னும் நுட்பம் உண்டு. 'காலிப்' செய்வினை, 'மன்சூர்' செயப்பாட்டுவினை, வெற்றி அளிக்கப்பட்டவர். குர்துபாவில் ஆட்சி செலுத்தி 1002இல் மறைந்த இப்னு அபீ ஆமிர் 'அல்மன்சூர்' என்று பட்டம் பூண்டார். ஸ்பானியர் அதை 'அல்மன்சோர்' ஆக்கி, மலைச்சிகரம் ஒன்றுக்கும் அப்பெயர் வழங்குகின்றனர். கொண்டாடப்படும் காஸ்தீல் வீரன் ரொத்ரிகோவின் பெயரோ 'சித்'! நம் 'சையிது' என்னும் அரபுச் சொல்லே அது. நம் வருகைப் பதிவேட்டில் மன்சூரும் சையிதும் ஆண்டுதோறும் உண்டு. பெயரின் பொருளைக் கேட்டால்தான் மேற்கூரையைப் பார்க்கின்றனர். செயப்பாட்டு வினை ஆங்கிலத் தொற்று என்றேனே. மன்சூர் என்று நூறுமுறை அழைத்தும் எனக்கு உறைக்கவில்லை.

இவ்வளவும் படித்தபின் மாணவியின் கட்டுரையை மீண்டும் எடுத்தேன். மெக்சிகோவின் தெனோச்தித்லான் நகரம் 1521 ஆகஸ்டு 13 அன்று எர்னான் கொர்த்தேஸ் படையிடம் வீழ்ந்தது. அந்நகரத்தார் போட்டியொன்றில் பங்கேற்று இழந்தவர் அல்லர். கடல் கடந்து வந்தவரும் அவரோடு சேர்ந்த அண்டை மக்களும் முற்றுகையிட, பசியும் அம்மையும் வாட்ட, வீழ்த்தப்பட்டவர். அவரைத் 'தோற்றவர்' என்றால் வீழ்த்தியவன் கைகழுவிக்கொண்டு போய்விடுகிறான். 1962இல் வெளிவந்த ஆங்கிலப் பெயர்ப்போ நூலின் பெயரையே 'முறிந்த ஈட்டிகள்' என மாற்றிவிட்டது. அழகான பெயர்தான், ஆனால் ஈட்டிதான் முறிகிறது, வென்சிதோக்களைக் காணோம். ஆங்கிலத்தின் வழியே வந்திருந்தால் எனக்கும் மாணவிக்கும் இந்த வழக்கே எழுந்திராது. ஸ்பானிய நூல்களை ஆங்கிலச் சன்னல் வழியே மட்டும் பார்த்துத் தமிழாக்குவது போதும் என்போர்க்கு இதைவிட வேறென்ன சொல்வது? நம் மாணவருள் ஆண்டுக்கு ஒருவரேனும் அம்மொழியை நேரே கற்க வேண்டும். அதற்கு நம் கல்லூரி மாலை வகுப்பொன்று நடத்தினால் என்ன என்று நிருவாகப் பெரியோர்களை இம்மலர் வழியாகவே கேட்டு வைக்கிறேன்.

மெக்சிகோ மக்கள் தாமே இச்சிக்கலை அறிந்துள்ளனர். நகரின் இறுதிப்போர் நடந்த த்லதெலோல்கோ சதுக்கத்தில் ஒரு கல்வெட்டு உண்டு. அந்நாளில் நிகழ்ந்ததை வெற்றியென்றும் சொல்லாமல் தோல்வியென்றும் சொல்லாமல், இன்றைய கலப்பின மக்களின் துயர்மிகுந்த பிறப்பு என்று அது குறிக்கிறது. இரு சொல்லையும் மறுத்துவிடுவதும் ஒரு வழிதான். எனக்கு அதில் முழு நிறைவில்லை. பிறந்தவர் மகிழலாம், மடிந்தவர் சார்பில் அக்கல் பேசவில்லை.

மாணவி அண்மையில் இன்னொரு வினாவை அனுப்பியுள்ளார். 1615இல் வந்த தொன் கிகோதே இரண்டாம் பாகத்தின் இறுதியில், பார்சலோனாக் கடற்கரையில் வீழ்த்தப்பட்டு ஊர் திரும்பும் தலைவனைப் பற்றி அவன் பணியாள் சாஞ்சோ பேசுகிறான். பிறர் கையால் வென்சிதோ ஆனாலும் தன்னைத்தான் வென்ற வென்செதோராக வருகிறார் என்பது அவன் கூற்றின் சாரம். அந்நூலையே செர்வாந்தேஸ் ஓர் அரபு வரலாற்றாசிரியர் எழுதியதாகப் புனைந்தார். அவ்வாசிரியரின் பெயரிலும் அதே 'சையிது' சற்றே உருமாறி நிற்கிறது. சினத்தை அடக்கியவனே வலியவன் என்னும் நபிமொழி கேட்டு வளர்ந்த நமக்குச் சாஞ்சோவின் பேச்சு புதிதன்று. ஆனால் ஒரே ஆள் ஒரே வாக்கியத்தில் வென்றவனும் வெல்லப்பட்டவனுமாய் நிற்க வேண்டும். 'தோற்றவன்' என்று போட்டால் வாக்கியம் ஒருபுறம் சரிந்துவிடுகிறது. என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார். இரண்டு தாள் அடித்தடித்து எழுதிவிட்டேன், இன்னும் அமையவில்லை.

பழைய கட்டுரையை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டேன். நான் அடித்த 'வெல்லப்பட்டோர்' என்னும் சொல்லின் கீழே, அச்சகத்தார் வழக்கப்படி வரிசையாகப் புள்ளிகள் இட்டு, 'இருக்கட்டும்' என்று ஓரத்தில் எழுதினேன். அதே சிவப்பு மையில்தான்.